மடுல்சீமைக் கோப்பி இலைநோயும் தாவர நோயியற் கல்வியும்

தாவர நோயியலின் வரலாற்றை எழுதுவோர் இரு நிகழ்ச்சிகளைத் தவறாது குறிப்பிடுவர். 1845ஆம் ஆண்டில் அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமாயிருந்த அழுகல்நோய் ஒன்று. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலே தோன்றிய இலைத்துரு நோய் மற்றையது. இரண்டாவது நிகழ்ச்சியை அந்நூல்கள் ‘இலங்கையில்’ என்ற பொதுச்சொல்லோடு கடந்துவிடுகின்றன. ஆயின் அந்நோய் முதன்முதலிற் கண்டறியப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியாகும். பசறைக்குக் கிழக்கே மலையேறும் வீதியால் இன்று எவரும் சென்றடையக்கூடிய இடம் அது. கல்லூலத் தோட்டம் என்று ஆவணங்கள் அதன் பெயரையும் பதிந்து வைத்துள்ளன.

ஒரு பயிர் அழிந்து இன்னொரு பயிர் வந்த கதையாகவே இந்நிகழ்ச்சி எமது பாடநூல்களிற் கூறப்பட்டு வந்திருக்கிறது. அதனுள் இன்னொரு வரலாறும் உண்டு. ஒரு விஞ்ஞானத்துறை உருப்பெறுவதற்கு இம்மலைகள் ஆய்வுக்களமாயின. ஆனால் அம்மலைகளில் இலையோடு நாள்தோறும் பழகிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அத்துறையைப் பட்டப்படிப்பாகக் கற்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869ஆம் ஆண்டு மே மாதத்தில் மடுல்சீமையிலே சில கோப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சட் பொட்டுக்கள் காணப்பட்டன. இலையின் கீழ்ப்புறத்திலே அப்பொட்டுக்கள் செம்மஞ்சள் நிறத் தூளாகப் படிந்திருந்தன. விரலால் தடவினால் துருவைப் போல ஒட்டிக்கொள்ளும் அத்தூளே நோய்க்குப் பின்னர் பெயர் தந்தது. பதுளை அக்காலத்தில் மத்திய மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஊவா தனி மாகாணமானது 1886ஆம் ஆண்டிலாகும். புகையிரதப் பாதை பதுளையை அடைந்ததோ 1924ஆம் ஆண்டில். எனவே நோயுற்ற இலைகள் மலைவழியாகவே பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்று சேர்ந்தன. அப்பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் பேர்க்லி என்னும் கிறித்தவ மதகுரு. அயர்லாந்து உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசு ஒன்றே காரணம் என்று 1846ஆம் ஆண்டிலேயே, பலர் மறுத்துரைத்தபோதும், எழுதியவர் இவரேயாவர். ஆகவே மேற்கூறிய இரு நிகழ்ச்சிகளையும் ஒரே மனிதர் இணைக்கிறார் எனலாம்.

1869 நவம்பரில் பேர்க்லியும் அவருடைய உடனாய்வாளர் புரூமும் இப்பங்கசை விவரித்து அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். பெயரின் முற்பகுதி ‘பாதி வழுவழுப்பானது’ எனப் பொருள்படும். நுணுக்குக்காட்டியினூடாக நோக்கும்போது இதன் வித்தி ஒரு புறம் வழுவழுப்பாயும் மறுபுறம் முட்கள் போன்ற சிறு புடைப்புக்களோடும் தோன்றும். பிற்பகுதி ‘பாழாக்குவது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். தோட்டத் துரைமார் இப்பெயரை வேடிக்கையாகத் திரித்து ‘பாழாக்கும் எமிலி’ என வழங்கினர். நோயின் கொடுமையை அவர்கள் அப்போது உணர்ந்திருந்தால் வேடிக்கை வந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

அவர்கள் உணராமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. இலைகள் உதிரும், மரம் மீண்டும் தளிர்க்கும், தளிரும் நோயுற்று உதிரும். இவ்வாறு சில ஆண்டுகள் நிகழ்ந்தபின் கொப்புகள் நுனியிலிருந்து காய்ந்து வரக் காய்ப்பு படிப்படியாகக் குறையும். ஓராண்டு விளைச்சல் குறைந்து மறுவாண்டு ஓரளவு தேறுவதுமுண்டு. எனவே காலநிலைக் கோளாறு என்றும், மண் வளமிழந்தமை என்றும், உரம் போதாமை என்றும் காரணங் கற்பித்துத் துரைமார் ஆறுதல் கொண்டனர். இன்னொரு காரணம் சந்தையிலிருந்து வந்தது. 1870களில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்தது. ஏக்கருக்கு ஏறத்தாழ நாலரை அந்தர் கிடைத்த இடத்தில் இரண்டு அந்தரளவே கிடைக்கும் நிலை அப்பத்தாண்டின் இறுதிக்குள் வந்துவிட்டபோதும் உயர்ந்த விலை அவ்விழப்பை மறைத்தது. மறைத்தது மாத்திரமன்று, மேலும் காடழித்துக் கோப்பி நடுவதற்குத் தூண்டுதலாகவும் அமைந்தது. நோய் பரவிக்கொண்டிருந்த அதே காலத்திலே நோயுறத்தக்க பயிரின் பரப்பும் பெருகிற்று. விலையேற்றம் ஒரு நோயின் அறிகுறியை மறைக்கவல்லது என்பதைப் பொருளியல் மாணவரும் இங்கே கவனிக்கலாம்.

1870களின் இறுதியில் மறைக்க இயலாத நிலை உண்டாயிற்று. பேராதனைப் பூங்காவின் துணைப் பணிப்பாளராக வந்த மொரிஸ் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலைகளிலே தூவும் முறையைப் பரீட்சித்தார். அவர் 1879ஆம் ஆண்டில் யமேக்காவுக்கு மாற்றலாகிச் சென்றார். அடுத்த ஆண்டு இந்நோயை ஆராய்வதற்கென்றே ஓர் இளைஞர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். அவரே ஹரி மார்ஷல் வார்ட்.

வார்ட் இலங்கைக்கு வந்தபோது இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்றவர், ஜேர்மனியிலே தாவரவியல் ஆய்வுமுறைகளைக் கற்றவர். தாவர நோயியலின் தந்தையெனப் போற்றப்படும் டி பாரியின் ஆய்வு மரபை நன்கறிந்தவர். நோயுற்ற திசுவிலே பங்கசு தானாக முளைக்கிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பங்கசு வெளியிலிருந்து புகுவதாலேயே நோய் உண்டாகிறது என நிறுவியது அம்மரபாகும். 1880 தொடக்கம் 1882 வரை இரண்டாண்டுகள் வார்ட் இந்நாட்டிற் பணியாற்றினார். இவர் செய்தவற்றைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். இன்றும் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் செய்முறை வகுப்பிலே மாணவன் கற்கும் படிகள் பெரும்பாலும் இவையேயாதலின்.

முதலில், வித்தி முளைப்பதற்கு எது வேண்டும் என அவர் வினவினார். உலர்ந்த இலையிலே விழுந்த வித்தி வாளா கிடந்தது. நீர்த்துளியிலே கிடந்த வித்தி சில மணி நேரத்தில் மெல்லிய இழையை நீட்டிற்று. அடுத்து, அவ்விழை இலையினுள்ளே எவ்வழியாற் புகுகிறது என்பதைத் தொடர்ந்து நோக்கினார். கோப்பி இலையின் மேற்புறத்தில் இலைவாய்கள் இல்லை; கீழ்ப்புறத்திலேயே உள்ளன. இழை அவ்வாயைத் தேடிச் சென்று அதனூடே உள்நுழைந்து கலங்களுக்கிடையே படர்ந்து அவற்றின் உணவை உறிஞ்சியது. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களிற் பொட்டு வெளித்தோன்றிற்று. பின்னர் அதே இலைவாய்களினூடாகவே புதிய வித்திகள் கொத்தாக வெளிவந்தன. நலமான இலையிலே வித்தியை இட்டு, நோயை உண்டாக்கி, அவ்விலையிலிருந்து மீண்டும் அதே வித்தியைப் பெற்றதன் மூலம் நோயின் வட்டத்தை அவர் முழுமையாக்கிக் காட்டினார். நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்பதை நிறுவுவதற்குக் கொக் வகுத்த விதிகள் 1880களிலேயே வடிவம் பெற்றன என்பதை நினைத்தால், இம்மலைநாட்டில் நடந்த வேலையின் காலப்பொருத்தம் விளங்கும். கொக்கின் விதிகள் கோரும் ஒரு படியை இங்கே நிறைவேற்ற முடியாது என்பதும் உண்மை. இப்பங்கசு உயிருள்ள கோப்பி இலையை விட்டுச் செயற்கை ஊடகத்தில் எளிதில் வளர்வதன்று.

காற்றிலே வித்திகள் பரவுவதையும் அவர் ஊகமாக விடவில்லை. பசைபூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியினூடு நோக்கினார். பயிர்நோய் ஆய்வில் வித்திப்பொறி வைக்கும் வழக்கத்துக்கு இது முன்னோடியாகும்.

துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. வார்ட் கொடுத்ததோ விளக்கத்தை. வித்தி முளைத்து இலையினுட் புகுந்தபின் மேலே தூவும் எம்மருந்தாலும் பயனில்லை. புகுமுன்னரே இலையைக் காக்க வேண்டும் என்பது அவர் முடிபு. பாதுகாப்பு மருந்து என்ற கருத்து இதிலே தெளிவாக வெளிப்படுகிறது. ஆயின் அதற்கேற்ற மருந்து அப்போது கையில் இருக்கவில்லை. துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை மில்லார்டே பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கென அறிவித்தது 1885ஆம் ஆண்டில். வார்ட் இலங்கையை விட்டு மூன்றாண்டுகள் கழிந்தபின். விஞ்ஞான வரலாற்றிலே இத்தகைய காலப் பிசகுகள் பல உண்டு. இப்பிசகுக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதைப் பின்னர் காண்போம்.

வார்ட் கூறிய இன்னொன்று கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. காட்டை முற்றாக நீக்கி மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே பங்கசுக்கு அளவற்ற உணவையும், காற்றுக்குத் தடையற்ற வழியையும் கொடுத்தது என்பது அவர் கருத்து. காட்டிலே இப்பங்கசு இருந்திருக்கலாம். அங்கு அது கொள்ளைநோயாகவில்லை. இக்காலத்து நோயியல் மாணவன் விருந்துவழங்கி, நோய்க்கிருமி, சூழல் என மூன்று மூலைகளைக் கொண்ட முக்கோணத்தை முதல் வாரத்திலேயே வரைந்து கற்கிறான். அம்முக்கோணத்தின் உள்ளடக்கம் வார்ட்டின் அறிக்கைகளிலே உண்டு. அவ்வறிக்கைகளைப் படித்தவர்கள் கோப்பியைப் பிடுங்கிவிட்டு அதே மலைகளில் அதே முறையில், இடைவெளியின்றித் தேயிலையை நட்டனர்.

பேராதனையில் வார்ட்டுக்குக் கிடைத்த அனுபவம் அவரோடு இங்கிலாந்துக்குச் சென்றது. இந்தியக் காட்டுத் திணைக்களத்துக்கு அலுவலரைப் பயிற்றிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலே அவர் பேராசிரியரானார். 1895ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜின் தாவரவியற் பேராசிரியராகி 1906ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பதவியிலிருந்தார். தாவர நோய்கள் பற்றி அவர் எழுதிய நூல்கள் அத்துறையைக் கல்லூரிப் பாடமாக்க உதவின. மடுல்சீமைப் பொட்டு கேம்பிரிட்ஜிலே பாடமாயிற்று. மடுல்சீமையிற் பாடசாலையே இருக்கவில்லை.

இனி, இழப்பை நோக்குவோம். 1870ஆம் ஆண்டளவில் சுமார் 10 கோடி இறாத்தல் கோப்பியை ஏற்றுமதி செய்த இலங்கை 1889ஆம் ஆண்டில் சுமார் 50 இலட்சம் இறாத்தலையே அனுப்பியது. 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. வறண்ட காற்றினாற் பாதுகாக்கப்பட்ட ஊவாவின் கோப்பி ஏனைய பகுதிகளிலும் சிறிது காலம் தாக்குப்பிடித்தது. 1882ஆம் ஆண்டளவில் தோன்றிய பச்சைச் செதிற்பூச்சி எஞ்சியதையும் தீர்த்தது. நோய் முதலில் தோன்றிய மாவட்டமே இறுதிவரை கோப்பியை வைத்திருந்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

வங்கி முறிந்ததையும் துரைமார் நொடித்ததையும் நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. தோட்டம் நொடித்தபோது தொழிலாளரின் பல மாதச் சம்பளமும் அதனோடு சென்றது என்பது ஓரிரு வரிகளிலேயே இடம்பெறுகிறது. சம்பளக் கடனை முதற்கடனாகக் கொள்ளவேண்டும் என்று 1884ஆம் ஆண்டிலே சட்டம் இயற்ற வேண்டியிருந்ததிலிருந்து அவ்வவலத்தின் பரப்பை உய்த்துணரலாம். அத்தொழிலாளர் யார்? 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்திலே உயிர்பிழைக்கக் கடல் கடந்தவர் அவருட் பலர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து கண்டி வழியாக ஊவாவுக்கு மேலும் பல நாள் நடந்து வந்தவர். ஊரில் நெல் பொய்த்ததால் வந்தவர்க்கு இங்கே கோப்பி பொய்த்தது. நோய்க்கு மருந்து கண்டறியப்படாமையின் விலையை முதலிற் கொடுத்தவர் இவரே.

ஒரு பங்கசு இவர்தம் சமூக அமைப்பையே மாற்றிற்று என்று கூறுதல் மிகையன்று. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குக் கங்காணியோடு வந்து, பறித்து முடித்து, ஊர் திரும்பக்கூடிய ஏற்பாடு அது. தேயிலையோ ஆண்டு முழுவதும் ஏழெட்டு நாளுக்கொரு முறை கொழுந்தெடுக்க வேண்டிய பயிர். அதற்கு நிரந்தரமாகத் தங்கும் தொழிலாளர் வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் வேண்டும். லூல்கந்துரவிலே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். எனினும் 1875ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் தேயிலைப் பரப்பு சுமார் 1,000 ஏக்கரளவே. கோப்பி வீழ்ந்தபின் 1900ஆம் ஆண்டளவில் அது மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேலாயிற்று. வந்து சென்ற மக்கள் லயங்களிலே குடும்பமாய்த் தங்கிய மக்களாயினர். மலையகத் தமிழர் என்னும் நிலையான சமூகம் உருவானதற்குப் பொருளாதாரக் காரணம் தேடுவோர் இலைத்துருவிலேயே தொடங்குதல் வேண்டும்.

தேயிலைக்கும் நோய்கள் இருந்தன. 1905ஆம் ஆண்டிலே பங்கசு ஆய்வாளராக இலங்கைக்கு வந்த பெச் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி 1923ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். 1925ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரும் அவரே. தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட அந்நிறுவனம் ஊவாவின் தனிப்பட்ட காலநிலையைக் கருதிப் பசறையிலும் ஒரு கிளை நிலையத்தைக் கொண்டது. ஆராய்ச்சி நிலையம் பசறைக்கு வந்தபோதும் அங்குள்ள தமிழர்க்கு அதனுள் இருந்த இடம், பெரும்பாலும், தவறணையிற் கன்று வைப்பதும் பரீட்சைப் பாத்தியிற் கொழுந்தெடுப்பதும் மருந்தடிப்பதுமேயாகும்.

மருந்தடிப்பைப் பற்றி ஒரு சொல். 1946ஆம் ஆண்டிலே கொப்புள வெளிறல் நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. அசாமிலே 1868ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டிருந்த நோய் இது. கோப்பித் துரு முதிர்ந்த இலையைத் தாக்கியது. கொப்புள வெளிறலோ கொழுந்தையே தாக்கும். இளந்தளிரிலே ஒளிகசியும் பொட்டுத் தோன்றி, பின் கொப்புளமாய்க் குழிந்து, வெண்பூசணம் பூக்கும். கொழுந்தே விளைச்சலாகையால் இழப்பு உடனே தெரியும். இரண்டாவது தடவையும் கோப்பியின் கதை நேருமோ என அஞ்சியவர் பலர். நேரவில்லை. செப்பு மருந்துகள் கையிலிருந்தன; ஆராய்ச்சி நிலையம் இருந்தது; நோயின் வட்டம் ஈரத்தையும் மூட்டத்தையும் சார்ந்தது என்பது விரைவிலே தெளிவாயிற்று. வெயிலும் வறட்சியும் இவ்வித்திக்குப் பகை. ஆகவே ஆடி ஆவணியிலே வறண்ட காற்று வீசும் ஊவாவில் நோய் அடங்கியிருக்க, வடகீழ்ப் பருவமழைக் காலத்திலே தலைதூக்கும். அதே வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தையும் தருகிறது. 1880ஆம் ஆண்டில் வார்ட்டிடம் இல்லாதிருந்தவை 1946ஆம் ஆண்டில் இருந்தமையால் ஒரு பயிரும் அதனை நம்பிய மக்களும் தப்பினர். தாவர நோயியலை ஏன் கற்கவேண்டும் என வினவும் மாணவனுக்கு இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டினாற் போதும்.

அக்கல்வி எவர்க்குக் கிட்டிற்று? சென்னை மாகாணத்திலே சைதாப்பேட்டையிற் தொடங்கிய விவசாயக் கல்வி பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, 1920ஆம் ஆண்டிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு உரியதாயிற்று. அதே 1920ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்தியது. அதுவும் ஆறு தொடக்கம் பத்து வயது வரைக்குமே. பெரும்பாலும் ஓராசிரியர், ஒரு கொட்டில், காலைப் பிரட்டுக்குப் பின்னரோ முன்னரோ சில மணி நேரம். எழுத்தும் எண்ணும் கற்பித்த அப்பாடசாலையிலிருந்து விஞ்ஞானப் பட்டத்துக்கு வழியே இருக்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலே தோன்றி 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. விவசாயப் பட்டமும் அங்கே நிலைபெற்றது. நாடு விவசாயப் பட்டதாரிகளை உருவாக்கத் தலைப்பட்ட அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவன் அரசாங்கத்தின் விவசாயத் திணைக்களத்திலே அலுவலனாக முடியாது. பயன்படாத கல்வியை ஏழைக் குடும்பம் எவ்வாறு விரும்பும்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஊவாத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பியது. படித்து வந்த பிள்ளைகள் பலர் நடுவகுப்பிலே கப்பலேறினர். குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தீர்வு நிறைவாகக் கிடைத்தது 2003ஆம் ஆண்டிலேயாம். இடையிலே 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை பெரிய திருப்பம் என்பதில் ஐயமில்லை.

மொழியும் ஒரு தடையாயிருந்தது. 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மனித உடலின் நோய்களுக்குத் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கிக்கொண்டிருந்தார். அதே பத்தாண்டிலே தோன்றிய கோப்பிநோய் பற்றிய எழுத்தனைத்தும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. கோப்பிக் கொத்துக்குள் நின்ற தமிழர்க்கு அதை எடுத்துச் சொல்ல ஒரு துண்டுப் பிரசுரமாவது வேண்டும் என்று எவரும் எண்ணியதற்குச் சான்றில்லை. இலங்கையில் விஞ்ஞானக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது அரசகருமமொழித் திணைக்களத்தினர் ஆக்கிய சொற்றொகுதிகளாற் பங்கசு, வித்தி, இலைவாய், விருந்துவழங்கி போன்ற சொற்கள் வழக்குக்கு வந்தன. உயர்தரம் வரை தமிழிற் கற்கும் மாணவன் இச்சொற்களோடு வருகிறான். விவசாய பீடத்திலே விரிவுரை ஆங்கிலத்தில். முதலாண்டிலே அவன் துறையைக் கற்பதற்கு முன்னர் துறையின் மொழியைக் கற்கிறான். மாவட்ட அடிப்படையிலான அனுமதியிலே பதுளை பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்பட்டுச் சலுகை பெறுகிறது. ஆயின் அச்சலுகை மாவட்டம் முழுவதற்கும் உரியது. உயர்தர விஞ்ஞானப் பிரிவை ஆய்வுகூடத்தோடும் போதிய ஆசிரியரோடும் நடத்தும் தமிழ்மொழிப் பாடசாலைகள் தோட்டப்புறங்களிலே சிலவாகவே இருக்கும்வரை அதன் பயன் தோட்டத்துப் பிள்ளைக்குக் குறைவாகவே சென்றடையும் என்பது எமது கருத்து.

தாவர நோயியல் இந்நாட்டில் தனித்ததோர் இளமாணிப் பட்டமன்று. விவசாயப் பட்டத்தினுள்ளும் தாவரவியற் பட்டத்தினுள்ளும் அமைந்த பாடமாகும். நான்காண்டு விவசாயப் படிப்பிலே மாணவன் முதலிற் தாவரவியல், மண்ணியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றைக் கற்று, அதன் மேலேயே நோயியலைக் கற்கிறான். இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு நோயை எடுத்துக்கொள்ளலாம். இவ்வொழுங்கைக் குறையாகக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மண்ணும் காற்றும் நடுகை முறையும் அறியாதவன் நோயை மாத்திரம் அறிவதால் என்ன பயன்? வார்ட்டின் சிறந்த முடிபுகள் நுணுக்குக்காட்டியாற் கிடைத்தவை. அவற்றினுஞ் சிறந்த முடிபு மலையை நின்று பார்த்ததாற் கிடைத்தது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. பேராதனை ஒன்றே வழியாயிருந்த காலம் போய், மட்டக்களப்பிலும் கிளிநொச்சியிலும் விவசாய பீடங்கள் உள. 2005ஆம் ஆண்டிலே தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிற் பசறை வீதியிலேயே அமைந்திருக்கிறது. தேயிலைத் தொழினுட்பமும் ஏற்றுமதி விவசாயமும் அங்கே பட்டப்படிப்புக்கள். மடுல்சீமையிலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி அதன் வாயிலிலேயே இறங்கலாம். 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தோடு பயிர் மருந்துகளின் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டபோது, மருந்தின்றிக் கொப்புள வெளிறலை எவ்வளவு காலம் தாங்கலாம் என்ற வினா தோட்டங்களில் எழுந்தது. நோயைத் தாங்கும் இனங்கள், கவ்வாத்துக் காலத்தை மாற்றுதல், நிழல்மரத்தைக் குறைத்தும் கூட்டியும் ஈரத்தைக் கட்டுப்படுத்தல் என்பன அவ்வினாவுக்கு விடை தேடும் வழிகள். இவையனைத்தும் இளமாணி மாணவர் கையாளத்தக்க ஆய்வுப் பொருள்களே.

இலைத்துருவும் ஓய்ந்துவிடவில்லை. 1970ஆம் ஆண்டிலே பிரேசிலை அடைந்த அது 2012ஆம் ஆண்டளவில் மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளை நிலைகுலையச் செய்தது. மைசூரின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலே மெய்ன் என்பவர் 1930களில் இப்பங்கசிலே பல உட்பிரிவுகள் உண்டு எனக் காட்டியதன் பின்னர், நோயை எதிர்க்கும் கோப்பி இனங்களும் அவ்வெதிர்ப்பை முறிக்கும் புதிய உட்பிரிவுகளும் மாறி மாறித் தோன்றி வருகின்றன. எமது மலைகளிற் கோப்பி பெருந்தோட்டப் பயிராக இல்லை. ஆனால் பசறையிலும் மடுல்சீமையிலும் லயத்துக்குப் பின்னால், வாழைக்கும் பலாவுக்கும் இடையே, நாலைந்து மரங்கள் வீட்டுத் தேவைக்காக நிற்கின்றன. மழைக்காலத்திலே அவற்றின் இலையைத் திருப்பிப் பார்ப்பவர் செம்மஞ்சள் நிறத் தூளைக் காணலாம். செய்முறை வகுப்புக்கு மாதிரி வேண்டும் மாணவர் அதனை ஊரிலிருந்தே ஒரு கடதாசி உறையில் எடுத்துச் செல்லலாம்.